சீட்டுக்கு அடியில் கிடக்கிற வரலாறு: படுவான்கரையும் ஒரு பேஸ் பொக்ஸும்

கொக்கட்டிச்சோலைப் பக்கம் டபுள் கெப் நிற்கிற வீட்டில் ஒரு இளம் பொடியனும் இருந்தால், அங்க ஒரு வாக்குவாதமும் கட்டாயம் இருக்கும். பொடியனுக்கு சப்வூபர் போட வேணும். தகப்பனுக்கு சாமான் ஏத்துற இடம் ஒரு சாண் கூடக் குறையக் கூடாது. ரெண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கு.

எங்கட ஊர்களில ஃபோர் வீல் வாகனம் என்பது ஆடம்பரச் சாமான் இல்லை. காலையில விதைநெல்லும் பசளையும் ஏத்திக்கொண்டு வட்டைக்குப் போகும். மத்தியானம் யாருக்காவது வருத்தம் என்றால் அதுவே மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு ஓடும். பின்னேரம் கோயிலுக்குப் போற ஏழெட்டுப் பேரைச் சுமக்கும். பின் சீட்டுக்கு அடியில ஜாக்கி, ஸ்பானர், கயிறு, தறப்பாள், பழைய செருப்பு என்று எல்லாம் கிடக்கும். இதுக்குள்ள ஒரு பேஸ் பொக்ஸ் எங்க இருக்கிறது?

இது மெக்கானிக்கிட்ட கேட்க வேண்டிய கேள்வி மாதிரித் தெரியலாம். கலைப்பீடத்தில் வரலாறும் சமூகமும் படிக்கிற எங்களுக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது. ஒரு வாகனத்துக்குள் என்ன ஏத்தலாம், அதை யார் திறந்து பார்க்கலாம், அது எவ்வளவு சத்தம் போடலாம் என்ற மூன்று கேள்விகளையும் வைத்தே படுவான்கரையின் கடந்த ஐம்பது வருசத்தைச் சொல்லிவிடலாம். இந்தக் கட்டுரையில் அதைத்தான் செய்து பார்க்கிறோம். கடைசியில பொக்ஸை எங்க வைக்கலாம் என்றும் சொல்கிறோம்.

அடிச்சத்தம் எங்களுக்குப் புதுசில்லை

பேஸ் என்றால் ஏதோ வெளிநாட்டுச் சாமான் என்று பெரியவர்கள் பேசுவார்கள். ஆனால் நெஞ்சில் வந்து இடிக்கிற சத்தம் இந்த மண்ணுக்குப் பழகின சத்தம். கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் கோயில் தேர் அசைகிற நேரம் மேளம் அடிக்க, கயிறு பிடித்தவனின் உள்ளங்காலில் நிலம் அதிரும். முனைக்காடு, மகிழடித்தீவு, அரசடித்தீவு ஊர்களில் விடியவிடிய ஆடின வடமோடி, தென்மோடிக் கூத்துகளில் மத்தளம்தான் ஆட்டத்தைப் பிடித்து நிறுத்தினது. வட்டக்களரியைச் சுற்றி சனம் இருக்கும். மைக் இல்லை. அண்ணாவியாரின் குரலும் மத்தளமும் கடைசி வரிசை வரைக்கும் போக வேணும்.

இதில் ஒரு பௌதிகம் இருக்கு. தாழ்ந்த சுருதியின் அலை நீளமானது. 40 ஹேர்ட்ஸ் சத்தத்தின் ஒரு அலை கிட்டத்தட்ட எட்டரை மீற்றர் நீளம். அப்படியான அலை மரத்தையும் சுவரையும் வளைந்து போகும். அதனால்தான் தூரத்து ஊர்த் திருவிழாவில் பாட்டு விளங்காது, மேளம் மட்டும் கேட்கும். காரில போற பொடியன்கள்ட பாட்டும் அப்படித்தான். வாகனம் ஒழுங்கையால் கிறுகிப் போன பிறகும் ‘டும் டும்’ மட்டும் நிற்கும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட ஏலாது. இந்த மண்ணின் அழுத்தமான அடிச்சத்தத்தைப் பல நூற்றாண்டாகச் சுமந்தது பறைமேளம். கோயிலுக்கும் அது வேணும், செத்த வீட்டுக்கும் அது வேணும். ஆனால் அதை அடித்த கைகள் சாதியின் பேரால் கோயில் வாசலில் தள்ளி நிறுத்தப்பட்டன. ஒரு கலையைத் தேவைப்படுத்திக்கொண்டே கலைஞனை ஒதுக்கின சமூகம் இது. இன்றைக்கு அதே அதிர்வை ஒரு கம்பனிப் பெட்டியில் காசு கொடுத்து வாங்கி, அதைக் கௌரவமாகக் காட்டிக்கொண்டு திரிகிறோம். பறை அடிக்கிறவருக்கு அந்தக் கௌரவம் இன்னும் முழுசாக வந்து சேரவில்லை.

வண்டில், பாதை, ஜீப்

56 கிலோமீற்றர் நீளமான வாவி எங்கட பிரதேசத்தை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கு. சூரியன் எழுகிற பக்கம் எழுவான்கரை, படுகிற பக்கம் படுவான்கரை. நெல் விளைவது பெரும்பாலும் இந்தப் பக்கம். சந்தை, ஆஸ்பத்திரி, பெரிய பள்ளிக்கூடம் எல்லாம் அந்தப் பக்கம். நடுவில் மண்முனையிலும், குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையிலும், குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையிலும் ‘பாதை’ ஓடினது. வெளியூர்க்காரருக்குப் பாதை என்றால் ரோட்டு. எங்களுக்குப் பாதை என்றால் ஆளையும் வாகனத்தையும் ஏத்திக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவை. ஒரு தரம் கடக்கிறதுக்கே காத்துக் கிடக்க வேண்டிய ஊரில், வாகனத்தில் வெறும் இடம் வைத்துக்கொண்டு போறது பாவம் மாதிரி. மாட்டு வண்டில் காலத்திலிருந்தே அந்தப் பழக்கம். போகும்போது நெல், வரும்போது மண்ணெண்ணெய், புடவை, கருவாடு.

ஃபோர் வீல் வாகனங்களும் அந்த மனநிலையோடுதான் பிறந்தவை. இரண்டாம் உலகப்போரின் வில்லிஸ் ஜீப்பில் எண்ணெய்த் தாங்கி சாரதியின் சீட்டுக்கு அடியில் இருந்தது. 1948இல் அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வெளிவந்த லேண்ட் ரோவரிலும் சீட்டுக்கு அடியில்தான் தாங்கி. அதை விவசாயிக்கான வாகனம் என்றே விற்றார்கள். பிறகு வந்த டிஃபெண்டரில் பற்றரி சீட்டுக்கு அடியில் போனது. அதாவது இந்த வகை வாகனத்தில் சீட்டுக்கு அடி என்பது ஒரு நாளும் சும்மா கிடந்த இடமில்லை. சப்வூபரை அங்கே வைக்கலாமா என்று கேட்கிறவர்கள் எழுபது வருசத்துக்கும் மேற்பட்ட ஒரு பழக்கத்தைத்தான் தொடர்கிறார்கள்.

வாகனத்துக்குள் சத்தம் வந்த கதையும் இடப் பிரச்சினையோடுதான் தொடங்குது. 1930இல் அமெரிக்காவில் கல்வின் சகோதரர்கள் ‘மோட்டோரோலா’ என்ற பேரில் கார் ரேடியோவை விற்கத் தொடங்கினார்கள். அந்தக் கால கார் ரேடியோக்களுக்குத் தனிப் பற்றரிகள் தேவைப்பட்டன. அவற்றைக் கார்த் தரைப் பலகைக்கு அடியில் ஒளித்து வைத்தார்கள். 1932இல் ஜெர்மனியில் வந்த புளொபுங்க்ட் கம்பனியின் கார் ரேடியோ கிட்டத்தட்ட 15 கிலோ பாரம், 10 லீற்றர் இடம் பிடித்தது. விலை ஒரு காரின் விலையில் மூன்றில் ஒரு பங்கு. சத்தம் வேணுமா, சாமான் வேணுமா என்ற வாக்குவாதம் கொக்கட்டிச்சோலையில் தொடங்கினது இல்லை.

இலங்கையில் 1925 டிசம்பர் 16இல் கொழும்பு வானொலி தொடங்கினது. இன்றைக்கு நாங்கள் பாவிக்கிற கூம்பு ஸ்பீக்கரின் மூல வடிவத்தை அமெரிக்காவில் ரைஸும் கெலொக்கும் வெளியிட்டதும் அதே 1925இல்தான். 1949இல் அது ‘ரேடியோ சிலோன்’ ஆனது. எஸ்.பி. மயில்வாகனத்திலிருந்து கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் வரை அந்தக் குரல்கள் வாவியைப் பாதை இல்லாமலே கடந்து வந்தன. ஆனால் சின்ன ட்ரான்சிஸ்டர் ரேடியோவில் குரல் வரும், மேளம் வராது. கூத்துக் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்தக் குறை தெரிந்திருக்கும். கோயில் திருவிழாவுக்குக் கட்டின குழாய் ஸ்பீக்கரும் அப்படித்தான். ஊர் முழுக்கக் கேட்கும், ஆனால் கீச்சென்று கேட்கும்.

பெட்டியைச் சுருக்கினவர்கள்

சின்னப் பெட்டியில் பெரிய அடிச்சத்தம் எடுக்கிறது ஏன் கஷ்டம்? ஸ்பீக்கர்க் கூம்பு முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்குது. முன்பக்க அலையும் பின்பக்க அலையும் சந்தித்தால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். தாழ்ந்த சத்தத்தில் இந்த அழிவு கூட. அதனால் பின்பக்கத்தை அடைக்க ஒரு பெட்டி வேணும். அந்தப் பெட்டி ஒரு காலத்தில் அலுமாரி அளவு பெரிசு.

1954இல் அமெரிக்காவின் எட்கர் வில்ச்சர் ஒரு வழி கண்டுபிடித்தார். பெட்டியைக் காற்றுப் போகாமல் மூடிவிட்டால், உள்ளே அடைபட்ட காற்றே ஸ்பிரிங் மாதிரி வேலை செய்து கூம்பைப் பிடிக்கும். சைக்கிள் பம்பின் வாயை விரலால் பொத்திக்கொண்டு அழுத்திப் பாருங்க, அதுதான் விசயம். அலுமாரி ஒரு புத்தகத் தட்டளவுக்குச் சுருங்கினது. அதே பாதையில் வந்த ஹொஃப்மன் என்ற பௌதிகவியலாளர் அதுக்கொரு கணக்குச் சொன்னார். மூன்று ஆசை இருக்கு: பெட்டி சின்னனாக இருக்க வேணும், சத்தம் தாழ்ந்து போக வேணும், குறைந்த கரண்டில் கூடச் சத்தம் வர வேணும். மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். ஒரே கரண்டில் சுருதியைப் பாதியாக இறக்க வேணும் என்றால் பெட்டி எட்டு மடங்கு பெரிசாக வேணும். பெட்டியைப் பாதியாக்கினால், அதே சத்தத்துக்கு ஆம்ப்ளிஃபயர் இரண்டு மடங்கு பலமாக வேணும்.

பிறகு 1961இல் அவுஸ்திரேலியாவின் நெவில் தீலும், 1970களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஸ்மோலும் எந்த ஸ்பீக்கருக்கு எவ்வளவு பெட்டி என்று முன்கூட்டியே கணக்குப் போடுற முறையை உருவாக்கினார்கள். இன்றைக்கு சப்வூபர் பெட்டியோடு வருகிற தாளில் இருக்கிற எழுத்துகளும் எண்களும் அவர்கள் தந்தவை. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நியோடிமியம் காந்தம் வந்தது. கனமான பழைய காந்தத்தின் வேலையை மெல்லிய வில்லை செய்தது. சூடு குறைவாக ஓடுற ‘கிளாஸ் டி’ ஆம்ப்ளிஃபயர்களும் பரவின. இவை சேர்ந்ததால்தான் 8 சென்ரிமீற்றர் ஆழத்துக்குள் அடங்குகிற ஸ்பீக்கர்கள் இன்று கடையில் கிடைக்கின்றன. அறுபது வருசமாகப் பல நாட்டு ஆட்கள் இடத்தோடு மல்லுக்கட்டினதின் விளைவு அது.

பெட்டி என்றாலே பயந்த காலம்

உலகம் பெட்டியைச் சுருக்கிக்கொண்டிருந்த அதே காலத்தில் படுவான்கரையில் பெட்டிக்கு வேறொரு அர்த்தம் இருந்தது.

1987 ஜனவரியில் இங்கே இறால் பண்ணைப் படுகொலை நடந்தது. 1991 ஜூன் 12இல் ஒரு கண்ணிவெடியில் இரண்டு படையினர் செத்தார்கள். அந்தச் சத்தம் கேட்ட பிறகு ஊருக்குள் வந்த படையினர் பொதுமக்களைக் கொன்றார்கள். ஜனாதிபதி ஆணைக்குழு உறுதிப்படுத்தினது 67 பேரை. ஊர் நினைவுகூர்கிற எண்ணிக்கை 150க்கும் மேல். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கிற ஆட்களுக்கு இன்னும் கணக்கு எழுதப்படவில்லை.

சத்தத்தின் வரலாறு எழுதுகிற நாங்கள் இதில் ஒன்றைக் கவனிக்கிறோம். நிலத்தில் இருந்து வருகிற ஒரு ‘டும்’ இந்த ஊரில் வெறும் சத்தமாக இருந்ததில்லை. அது கேட்டால் அடுத்து என்ன வரும் என்று உடம்புக்குத் தெரியும். பிறகு வந்த வருசங்களில் ஷெல் அடியும் கிபிர் விமானமும் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தன. ஒரு தலைமுறைக்குத் தாழ்ந்த சத்தம் என்றால் பதுங்கு குழி. எங்கட தலைமுறைக்கு அதே சத்தம் என்றால் பாட்டு. ஒரே வீட்டுக்குள் இந்த இரண்டு காதுகளும் இருக்கு.

வாகனமும் அப்படித்தான். படுவான்கரை நெடுங்காலம் இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்தது, எழுவான்கரை அரசின் கட்டுப்பாட்டில். வாவியைக் கடக்கிற இடமெல்லாம் சென்றி. மூடின எந்தப் பெட்டியும் திறக்கப்பட வேணும். சீட்டைத் தூக்கிக் காட்ட வேணும், பேக்கைக் கொட்ட வேணும். பசளைக்குக் கட்டுப்பாடு, எண்ணெய்க்குக் கட்டுப்பாடு, பற்றரிக்குக் கட்டுப்பாடு. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்து பல சாமான்களுக்குத் தடை நீங்கின நேரத்திலும், அதன் இணைப்புப் பட்டியலில் வெடிபொருள், முள்ளுக்கம்பி, தொலைநோக்கி ஆகியவற்றோடு பேனாப் பற்றரியும் தடுக்கப்பட்ட சாமானாகத்தான் இருந்தது. விரல் அளவு பற்றரிக்கே இந்த நிலை என்றால், வயர் தொங்குற, உள்ளே காந்தம் இருக்கிற, நாலு பக்கமும் ஆணி அடித்து மூடின ஒரு பெட்டியை சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொண்டு சென்றியைக் கடக்க யாருக்குத் துணிவு வரும்?

போர்க்காலத்தில் இங்கே பல ஊர்களுக்குக் கரண்டும் இல்லை. வாகன பற்றரியில் ரேடியோ கேட்டார்கள், டேப் கேட்டார்கள். யாழ்ப்பாணத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவை மிதித்து ரேடியோ கேட்ட கதை எல்லாருக்கும் தெரியும். சத்தம் என்பது அப்ப செய்திக்கானது. இன்பத்துக்குச் செலவழிக்கப் பற்றரி இல்லை.

2007இல் போர் இந்தக் கரையை விட்டுப் போனபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சனம் மாவட்டத்தில் இடம்பெயர்ந்து கிடந்தது. உழவு மெசினின் பெட்டியில் எதை ஏத்துறது, எதை விடுறது என்று சில நிமிசத்தில் முடிவெடுத்தவர்கள் எங்கட தாய் தகப்பன்மார். நெல் மூட்டையா, தையல் மெசினா, கிழவியா, கன்றுக்குட்டியா? வாகனத்தில் ஒரு சாண் இடத்துக்கு அவர்கள் ஏன் இவ்வளவு சண்டை பிடிக்கிறார்கள் என்று கேட்கிற ஆட்கள் இதை ஒருக்கா யோசிக்க வேணும்.

பாலம் வந்த பிறகு

2014 ஏப்ரலில் ஜப்பான் உதவியோடு மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. காத்திருப்பு முடிந்தது. சென்றிகள் குறைந்தன, கரண்ட் வந்தது, லீசிங்கில் வாகனங்களும் வந்தன. மூடின பெட்டி ஒன்றை வாகனத்தில் வைத்துக்கொண்டு, அதை யாருக்கும் திறந்து காட்டாமல் மட்டக்களப்புக்குப் போய்வரலாம் என்ற நிலை படுவான்கரைக்குப் புதுசு. சப்வூபர் மோகத்தை வெறும் சினிமாப் பாதிப்பு என்று சொல்றவர்களோடு நாங்கள் உடன்படாததுக்கு இதுதான் காரணம். திறந்து காட்டத் தேவையில்லாத ஒரு பெட்டி வைத்திருக்கிறதும் ஒரு சுதந்திரம்.

அதோட, 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். ஐந்து வருசம் பழைய வாகனத்தையே திருத்தித் திருத்தி ஓட்டினோம். புதுசு வாங்க ஏலாத நேரத்தில் இருக்கிறதை அழகுபடுத்துற ஆசை கூடும். செட் போடுற கடைகளுக்கும் வேலை கூடினது அப்படித்தான்.

சரி, எங்க வைக்கிறது?

முதல்ல ஒரு நல்ல செய்தி. டபுள் கெப்பின் கெபின் சின்னது, அது பேஸுக்கு வாய்ப்பு. உட்புற நீளம் 2 மீற்றர் அளவு என்றால், கிட்டத்தட்ட 85 ஹேர்ட்ஸுக்குக் கீழே கெபின் முழுக்க ஒரே அழுத்தமாக ஏறி இறங்கும். பெட்டி விட்டுக்கொடுக்கிற தாழ்ந்த சத்தத்தைக் கெபின் திருப்பித் தரும். திறந்த வெளியில் உழவு மெசினுக்குப் பின்னால் பெட்டி பெட்டியாக அடுக்க வேண்டி வாறது இந்த உதவி அங்கே இல்லாததால்தான். இன்னொன்று, 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே சத்தம் எங்கிருந்து வருது என்று காது கண்டுபிடிக்காது. ஆகவே பொக்ஸை ஒளித்து வைக்கிறதால் நட்டமில்லை.

டபுள் கெப்புக்குப் பொருத்தமான இடம் பின் சீட்டுக்கு அடிதான். ஒரு கணக்கைப் பாருங்க. 100 சென்ரிமீற்றர் நீளம், 30 அகலம், 12 உயரத்தில் ஒரு பெட்டி வெளியளவில் 36 லீற்றர். 12 மில்லிமீற்றர் பலகையில் அடித்தால் உள்ளே மிஞ்சுவது கிட்டத்தட்ட 26 லீற்றர். பத்து லீற்றரைப் பலகையே தின்றுவிடும். அந்த 26 லீற்றர், மூடின பெட்டியில் ஒரு பத்து இஞ்சி மெல்லிய சப்வூபருக்குத் தாராளம். எட்டு இஞ்சிக்கு அதில் பாதி போதும். தகப்பன்மாருக்கு விளங்குற மாதிரிச் சொன்னால், பெட்டி எடுக்கிற 36 லீற்றர் என்பது ஏறக்குறைய 20 கிலோ நெல் பிடிக்கிற இடம். அதையும் பின் தட்டில் இருந்து எடுக்கவில்லை, சீட்டுக்கு அடியில் கயிறும் பழைய செருப்பும் கிடந்த இடத்தில் இருந்துதான் எடுக்கிறோம். ஆனால் ஜாக்கிக்கு மேல பெட்டியை அடிக்க வேண்டாம். வட்டைக்குள் டயர் போற நேரம் சப்வூபர் உதவிக்கு வராது.

பஜிரோ, பிராடோ மாதிரி வாகனங்களில் பின் பக்கச் சுவருக்கும் பிளாஸ்டிக் மூடிக்கும் இடையில் ஒரு குழிவு இருக்கு. அதன் வளைவுக்குப் பலகை சரிவராது. ஆனால் எங்கட வாவிக்கரையில் அதுக்கு ஒரு கைத்தொழில் கிடக்கு. பைபர் படகு திருத்துறவர்கள் பாவிக்கிற அதே கண்ணாடி நார்ப் பாயும் ரெசினும்தான் இதுக்கும் வேணும். குழிவில் ரேப் ஒட்டி, அதுக்கு மேல பாய் பாயாக வைத்து ரெசின் பூசினால், காய்ந்த பிறகு குழிவின் அச்சு அப்படியே வரும். முன் பக்கத்துக்கு மட்டும் பலகை. ஒரு அங்குல இடமும் வீணாகாது. தண்ணீருக்கும் அஞ்சாது. 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்ட ஊருக்கு இது சின்ன விசயமில்லை. சாதாரண எம்.டி.எஃப் பலகை ஈரம் பட்டால் பிஸ்கட் மாதிரி ஊதிப் போகும்.

காருக்குச் சொல்லித் தருகிற சில வழிகள் இங்கே சரிவராது. ஸ்பெயார் டயருக்குள் வைக்கிற வட்ட சப்வூபர் நல்ல யோசனை. ஆனால் டபுள் கெப்பின் ஸ்பெயார் டயர் தட்டுக்கு அடியில் சேற்றில் தொங்குது, பிராடோவில் பின் கதவில் வெளியே தொங்குது. கெபினின் பின் சுவரை வெட்டித் தட்டுப் பக்கமாக ஸ்பீக்கர் பொருத்துறதையும் விடுங்க. தண்ணீரும் துருவும் அந்த வழியாக உள்ளுக்கு வரும்.

ஹொஃப்மனின் கணக்கையும் மறக்க வேண்டாம். சின்னப் பெட்டிக்குக் கூடக் கரண்ட் வேணும். 300 வொட் ஆம்ப்ளிஃபயர் முழுச் சத்தத்தில் 30 அம்பியர் வரை இழுக்கலாம். மெல்லிய வயர் சூடாகி எரியும். பற்றரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போட வேணும். எஞ்சினை நிறுத்திவிட்டு வாடியில் இருந்து ராத்திரி முழுக்கப் பாட்டுக் கேட்டால், விடிய உழவுக்குப் போற வாகனத்தைத் தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ண வேணும்.

யாருக்குக் கேட்க வேணும்

2007 நவம்பரில் இலங்கை உயர் நீதிமன்றம் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி பாவிக்கிறதைக் கட்டுப்படுத்தி ஒரு தீர்ப்புச் சொன்னது. கேட்க விரும்பாதவனைக் கேட்கக் கட்டாயப்படுத்த யாருக்கும் உரிமை இல்லை என்பதுதான் அதன் அடிக்கருத்து. ஆனால் சட்டம் சொல்லாத இரண்டு கேள்விக்காரர் எங்கட ஊரில் இருக்கிறார்கள்.

ஒன்று யானை. 1984இல் கேட்டி பெய்ன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் போர்ட்லண்ட் மிருகக்காட்சிச்சாலையில் ஆசிய யானைகளுக்குப் பக்கத்தில் நின்றபோது, காதில் கேட்காத ஒரு அதிர்வை உடம்பில் உணர்ந்தார். யானைகள் 14 முதல் 24 ஹேர்ட்ஸ் வரையான தாழ்ந்த சத்தத்தில் பேசிக்கொள்கின்றன என்று பிறகு பதிவாகினது. நாங்கள் காசு கொடுத்துத் தேடுற அடிச்சத்தத்துக்கும் கீழே அதுகளின் பாசை ஓடுது. வேளாண்மைக் காலத்தில் வாடியில் காவல் இருக்கிறவருக்குக் காதுதான் ஆயுதம். மரக்கொப்பு முறிகிற சத்தத்தைக் கேட்டால்தான் உயிர் தப்பலாம். அந்த நேரம் வட்டை ரோட்டால் பேஸைத் தூக்கிக்கொண்டு போனால் அவருக்கு எதுவும் கேட்காது.

மற்றது, மேலே சொன்ன அந்தத் தலைமுறை. 1991இல் இருபது வயசில் இருந்தவருக்கு இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டது. அவர் சப்வூபரைப் பார்த்து ஏசுவது பழமைவாதம் என்று நினைத்துக் கடந்து போறது சுலபம். அவர்ட உடம்பு அந்த ‘டும்’மை எங்க படித்தது என்று அவர் ஒரு நாளும் விளக்கிச் சொல்ல மாட்டார். நாங்கள்தான் விளங்கிக்கொள்ள வேணும்.

அதுக்காகப் பொக்ஸைக் கழற்றச் சொல்லவில்லை. பயமாக இருந்த ஒரு சத்தத்தைச் சந்தோசமாக மாற்றிக்கொள்ள எங்கட தலைமுறைக்கு உரிமை இருக்கு. அந்த உரிமைக்கு நிறையப் பேர் விலை கொடுத்திருக்கிறார்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டு அளவாக வைத்தால் வெளியே போற சத்தம் குறையும். கெபினுக்குள் இருக்கிற நாலு பேருக்கு அது தாராளம். வெளியே நிற்கிற ஊருக்கு எது கேட்க வேணும் என்பதைக் குமிழைத் திருப்புற விரல்தான் தீர்மானிக்குது.

பாலத்தில் ஏறும்போது அதைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம், வாவிக்கு நடுவில் ஆள் இல்லை. மகிழடித்தீவுச் சந்தி வரும்போது குறைத்துவிடுங்க.